நாலாம் பங்கிலிருந்து படித்தவன்

அந்த வீட்டில் புத்தகத்தை மேசைமேல் வைத்துக் கத்தியால் நாலாக அறுப்பார்கள். கேட்கிறவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். அந்த வீட்டாருக்கோ அது ரொட்டி அறுக்கிற மாதிரி.

ஆரம்பித்து வைத்தவர் அப்பா. பார்சல் ஆபீசில் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை அவருக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தலையணை கனத்தில் ஒரு புத்தகம் வாங்கி வருவார். பிள்ளைகள் நாலு பேர்: பெரியக்கா, அண்ணன், சின்னக்கா, கடைசியாகச் சின்னவன். புத்தகம் வாசற்படியைத் தாண்டுவதற்குள் ஒருவர் அட்டையை இழுப்பார், இன்னொருவர் முதுகைப் பிடிப்பார், சின்னவன் யார் கையையாவது கடிப்பான். ஒரு நாள் அப்பாவுக்குப் பொறுமை போயிற்று. பார்சல் கயிறு அறுக்கிற கத்தியை எடுத்துப் புத்தகத்தின் முதுகில் மூன்று இடத்தில் வைத்து இழுத்தார்.

"ஆளுக்கு ஒரு பங்கு. இனி ஒரு சத்தம் வந்துச்சு, எட்டாப் போட்டுடுவேன்" என்றார்.

வீடு கப்சிப்பென்று ஆகிவிட்டது. பெரியக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தையல் பழகிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பங்குக்கும் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, மூன்று துளை குத்தித் தைத்து, ஒன்று முதல் நாலு வரை எண் எழுதினாள். முதல் பங்கு அவளுக்கு, இரண்டாவது அண்ணனுக்கு, மூன்றாவது சின்னக்காவுக்கு, நாலாவது சின்னவனுக்கு. பத்து நாளைக்கு ஒரு முறை பங்குகள் கைமாறும். நாலு பேரும் படித்து முடித்ததும் நாலையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்து அலமாரியில் ஏற்றிவிடுவாள். இப்படி நாற்பத்தொரு புத்தகம் சேர்ந்தது. நிலம், நகை என்று பாகப்பிரிவினை செய்ய ஒன்றும் இல்லாத வீடு அது. பிரித்துக் கொடுக்க வேண்டியதையெல்லாம் அப்பா உயிரோடு இருக்கும்போதே கத்தியால் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

இதில் சின்னவன் பாடுதான் வேடிக்கை. கடைக்குட்டி என்பதால் எந்தக் கதையும் அவனுக்கு நாலாம் பங்கிலிருந்துதான் தொடங்கும். கொலை செய்தவன் யாரென்று தெரிந்து பத்து நாள் கழித்துத்தான் செத்தவன் யாரென்று தெரியவரும். கல்யாணம் முடிந்து, பிள்ளை பிறந்து, அப்புறம்தான் பெண் பார்க்கப் போவார்கள். "கடைசிப்பங்கு" என்று அண்ணன் அவனுக்குப் பட்டப்பெயரே வைத்தான். அவனோ அசரவில்லை. முடிவு தெரிந்துவிட்டால் மனசு பதறாமல், வழியில் இருப்பதை நிதானமாகப் பார்த்துக்கொண்டு வரலாமே என்பான். சினிமாவுக்குப் போனாலும் இடைவேளைக்குப் பிறகுதான் உள்ளே நுழைவான்.

இந்தக் குணமே அவனுக்குச் சோறு போட்டது என்றுகூடச் சொல்லலாம். சின்னவன் லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு வருஷமாக ஒரே கம்பெனி. பன்னிரண்டு ஊர், அறுபத்து மூன்று லிஃப்ட். மற்ற மெக்கானிக்குகள் மேலே மோட்டாரில் ஆரம்பித்துக் கீழே வருவார்கள். இவன் நேராகப் பழுதாகி நின்ற இடத்துக்குப் போய் நிற்பான். "எங்க நின்னுச்சுன்னு காட்டுங்க சார். எங்கருந்து கிளம்புச்சுன்னு அப்புறம் பார்ப்போம்" என்பான். அரை மணிக்குள் லிஃப்ட் ஓடும். அந்தக் கம்பெனியில் மூன்று தடவை சிறந்த தொழிலாளி என்று சான்றிதழ் வாங்கியவன் அவன் ஒருவன்தான். மூன்றையும் கண்ணாடி போட்டு மாட்டி வைத்தது பெரியக்கா.

மாதத்தில் பாதி நாள் அவனுக்குப் பஸ்ஸில் போகும். தோளில் பதினான்கு கிலோ கருவிப்பை. அதன் பக்கவாட்டுப் பையில் முழுப் புத்தகம் நுழையாது, ஒரு பங்குதான் நுழையும். ஆகவே அண்ணனும் சின்னக்காவும் கல்யாணமாகிக் குடும்பம் குட்டி என்று போன பிறகும், பங்கு கேட்க வீட்டில் ஆளில்லாத போதும், அறுக்கிற வழக்கம் நிற்கவில்லை. வெளியூர்ப் பயணத்துக்கு முந்தின சாயங்காலம் பல் விளக்குகிற மாதிரி அந்த வேலை தானாக நடக்கும். நாலாம் பங்கு பைக்குள் போகும்.

பன்னிரண்டு ஊர் சுற்றுகிறவன் என்று பெயர்தானே தவிர, எந்த ஊரிலும் அவன் கடைத்தெருவைப் பார்த்ததில்லை. பஸ் நிலையம், கட்டிடம், லிஃப்ட், மொட்டை மாடியில் மோட்டார் அறை, திரும்ப பஸ் நிலையம். மோட்டார் ஆறட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து நாலு பக்கம் படிப்பான், அப்படியே நிமிர்ந்து பார்ப்பான். ஆகவே ஒவ்வொரு ஊரின் தலை மட்டும்தான் அவனுக்குத் தெரியும்: கொடியில் காயும் துணி, வளைந்த ஆன்டெனா, யாரோ எடுக்க மறந்த நாற்காலி.

அந்தப் பன்னிரண்டில் ஒரு ஊரில், ஆறு மாடிக் கட்டிடம் ஒன்று. மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை அங்கே முறை. மோட்டார் அறைச் சாவியை வாட்ச்மேன் இரண்டு தடவை தொலைத்துவிட்டதால், அது தரைத்தளத்து மருந்துக்கடையில் ஆணியில் தொங்கியது. கடையை நடத்துகிறவள் முப்பத்து மூன்று வயதுப் பெண், மருந்தாளர் படிப்புப் படித்தவள், பேச்சில் சிக்கனம். இரண்டு வருஷம் இருவருக்கும் நடந்த பேச்சு மொத்தமும் இதுதான்: "சாவி." "இந்தாங்க." "நன்றி மேடம்."

மூன்றாவது வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, கல்லாவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு புத்தகம் கிடந்தது. சின்னவனின் கை சும்மா இருக்குமா? எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினான்.

"லிஃப்ட்காரரே, புத்தகம் அந்தப் பக்கத்துலயா ஆரம்பிக்குது?"

"முடிவு தெரிஞ்சா நிம்மதியாப் படிக்கலாம் மேடம்."

"மாத்திரை அட்டையையும் கடைசியிலருந்துதான் பிய்ப்பீங்களோ?"

"ஜுரம் வந்தாத்தானே தெரியும். வரட்டும், சொல்றேன்."

அவள் சிரித்தாள். அன்றைக்கு அந்த லிஃப்ட் மூன்றாம் மாடியில் கொஞ்சம் குலுங்கியதாகவும், அதைச் சின்னவன் கவனிக்கவே இல்லை என்றும் வாட்ச்மேன் பிற்பாடு சொன்னான்.

அதன்பிறகு மாதாமாதம் பேச்சு நீண்டது. அவன் படித்ததைச் சொல்வான், அவள் படித்ததைச் சொல்வாள். அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் புத்தகத்தைத் தொடுவாள். பக்க அடையாளத்துக்கு மருந்துச் சீட்டின் ஓரத்தை நேராகக் கத்தரித்து வைத்திருப்பாள். ஊர் ஊராகப் போயும் தனக்கு மொட்டை மாடிதான் தெரியும் என்று அவன் ஒரு நாள் சொன்னபோது, அவள் வேலையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

"எங்க அப்பா வெச்சிருந்த புத்தகம் ஒண்ணு இருக்கு" என்றாள். "கப்பல்ல சமையல்காரரா இருந்த ஒருத்தர் எழுதினது. பதினோரு துறைமுகம் போயிருக்கார். எல்லாத்தையும் சமையலறை ஜன்னல் வழியாத்தான் பார்த்திருக்கார். கூட்டு கிளற வேண்டியிருந்ததால எந்த ஊர்லயும் இறங்கவே இல்ல. நீங்க ரெண்டு பேரும் சந்திக்க வேண்டிய ஆளுங்க."

அடுத்த மாதம் அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். பிளாஸ்டிக் உறைக்குமேல் உருண்டை எழுத்தில் ஒரு சீட்டு: 'தயவுசெய்து மடிக்காதீர்கள்.' அவள் அப்பா விட்டுப்போனவற்றில், வீட்டுக்குள் மழைத்தண்ணீர் புகுந்த வருஷம் பிழைத்தது அது ஒன்றுதான். அவளுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் தலைமாட்டில் உட்கார்ந்து அதிலிருந்து வாசித்துக் காட்டுவாராம். இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை.

"மூணு நிபந்தனை. மடிக்கக் கூடாது. சாப்பிட்டுக்கிட்டே படிக்கக் கூடாது. பேனா வைக்கக் கூடாது."

"மூணும் சரி மேடம்."

முப்பத்தாறு வயதில் முதல் தடவையாக ஒருவர் அவன் கையில் முழுப் புத்தகத்தைக் கொடுத்திருந்தார். பஸ்ஸில் இரண்டரை மணி நேரமும் கருவிப்பையைக் காலடியில் தள்ளிவிட்டு, அடுத்தவர் வீட்டுக் குழந்தையைக் கொண்டுபோகிறவன் மாதிரி இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டு வந்தான். வீட்டில் பெரியக்காவிடம் காட்டினான். தொடவிடவில்லை.

"யாரு கொடுத்தா?"

"ஒரு மருந்துக்கடைல."

"மருந்துக்கடைல மருந்துதானே கொடுப்பாங்க?" என்றாள் பெரியக்கா. அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த வெள்ளியன்று நாலு நாள் பயணம் இருந்தது. அதற்காகவே புத்தகத்தைத் திறக்காமல் வைத்திருந்தான். வியாழன் சாயங்காலம் பையில் கிரீஸ் டப்பாவும் ஸ்பேனரும் அடுக்கினான். பிளாஸ்டிக் உறையில் கிரீஸ் பட்டுவிடக் கூடாதே என்று, மரியாதையாக உறையைக் கழற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தான். அங்கேதான் வினை. உறை இல்லாமல் மேசைமேல் கிடந்ததும் அது அந்த வீட்டுப் புத்தகங்களில் ஒன்றாகிவிட்டது. பெரியக்கா அடுப்படியிலிருந்து, நாளைக்கு எந்த பஸ், சாப்பாடு கட்டணுமா, குடை எடுத்துக்கிட்டியா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் வரிசையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். வாய் பதில் சொல்ல, கை தன் வேலையைப் பார்த்தது. கத்தியை எடுத்தது, முதுகைத் தடவித் தாள்கட்டுகளுக்கு நடுவே இடம் கண்டது, இழுத்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலாம் பங்குக்கு அட்டை போடக் காலண்டர் தாள் தேடி அலமாரியைத் திறந்தான். மேல்தட்டில் பிளாஸ்டிக் உறை. 'தயவுசெய்து மடிக்காதீர்கள்.'

மடிக்கவில்லை. அந்த மட்டில் வாக்குத் தவறவில்லை.

"குடை எடுத்துக்கிட்டியான்னு கேட்டேன்" என்று கரண்டியோடு வந்த பெரியக்கா, மேசையைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

"டேய்! மருந்துக்கடையா?"

தலையை மட்டும் ஆட்டினான்.

"பாவி! கட்டிட வாட்ச்மேன் புத்தகத்தை அறுத்திருக்கக் கூடாதா? உன் மேனேஜர் புத்தகத்தை அறுத்திருக்கக் கூடாதா? ஊர்ல இத்தனை பேர் இருக்கும்போது இந்தப் பொண்ணோடதுதான் உனக்குக் கிடைச்சுதா?"

"கை பண்ணிடுச்சுக்கா."

"கையை மட்டும் தனியா அனுப்பி மன்னிப்புக் கேட்கச் சொல்லு."

திட்டி முடித்ததும் கரண்டியை வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அறுபட்ட முதுகுகளை விளக்குப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு தாள்கூடக் கிழியவில்லை. தாள்கட்டுகளுக்கு நடுவில் சரியாகப் போயிருந்தது கத்தி. "வெட்டு மட்டும் சுத்தமா இருக்கு" என்றாள், பெருமையை அடக்க முடியாமல். "நீ ஊருக்குப் போ. நான் பார்த்துக்கறேன்."

அவன் புத்தகமே இல்லாமல் பஸ் ஏறினான். நாலு நாளும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே போனான். வழியில் இத்தனை பெரிய ஆறு ஒன்று ஓடுவது பதினான்கு வருஷத்தில் அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

வீட்டில் பெரியக்கா தைக்க வந்திருந்த பள்ளிச் சீருடைகளை மூட்டையோடு ஓரம் கட்டினாள். புது நூல் பளிச்சென்று காட்டிக் கொடுக்குமே என்று, வெள்ளை நூலைக் கெட்டி டீத்தண்ணீரில் மூன்று தடவை முக்கி உலர்த்தி, பழைய நூலின் பழுப்புக்குக் கொண்டுவந்தாள். பழைய துளைகளிலேயே ஊசி போக வேண்டும். ஒரு துளை தவறினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள். பழைய முதுகுத் துணியை ஆவியில் காட்டி உரித்து, வெட்டுகள் விளிம்போடு விளிம்பு சேரப் புதுப் பசையில் திரும்ப உட்காரவைத்தாள். பிறகு இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, மேலே மாவு டப்பாவையும் அதன்மேல் இஸ்திரிப் பெட்டியையும் ஏற்றினாள். சின்னவன் திரும்பி வந்து முதுகைத் திருப்பித் திருப்பித் தேடினான்.

"எங்கக்கா அறுத்தேன்?"

"அதான் வேலை" என்றாள் பெரியக்கா. "கொண்டுபோய்க் கொடு. நன்றின்னு சொல்லு. வேற ஒரு வார்த்தை உன் வாயிலருந்து வரக் கூடாது. சத்தியமா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

அதில்தான் சின்னவனுக்குச் சிக்கல். கண்டுபிடிக்க முடியாது என்பது அவனுக்கும் தெரிந்தது. ஆனால் அவன் தொழிலில் ஒரு விதி உண்டு. பழுது பார்த்த இடத்தை மறைக்கக் கூடாது. கம்பிவடத்தில் ஓர் இழை அறுந்திருந்தாலும், எந்த இடத்தில், என்றைக்கு, என்ன செய்தோம் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்து வருகிறவன் அந்த எழுத்தை நம்பித்தான் லிஃப்டின் தலைமேல் ஏறி நிற்கிறான். பதினான்கு வருஷத்தில் சின்னவன் எழுதாமல் விட்ட பழுது ஒன்று கிடையாது. சொன்னால் அவள் முகம் மாறிவிடுமே என்று பயந்தான். இனி சாவியை வாட்ச்மேனிடமே கொடுத்தனுப்புவாள். சொல்லாமல் இருந்தாலோ, மாதாமாதம் அவள் எதிரே நின்று சிரிக்க வேண்டும்.

இரண்டாவது வெள்ளி வந்தது. அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். முகர்ந்து பார்த்தாள்.

"லேசா டீ வாசனை அடிக்குதே. சாப்பிடக் கூடாதுன்னா குடிக்கலாம்னு எடுத்துக்கிட்டீங்களோ?"

"இல்ல மேடம். அறுத்துட்டேன்."

"எதை?"

"இதை. நாலா. எங்க வீட்ல அப்படித்தான் படிப்போம். அப்புறம் தைச்சாச்சு."

பின்னால் இருமல் மருந்துக்காக நின்றிருந்த பெரியவர் இருமலை நிறுத்திக்கொண்டு கேட்க ஆரம்பித்தார். அவள் புத்தகத்தைப் பிரித்தாள், முதுகைப் பார்த்தாள், கட்டை விரலால் நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் சரசரவென்று ஓட்டிப் பார்த்தாள்.

"எங்க அறுத்தீங்க? காட்டுங்க."

சின்னவன் வாங்கித் தேடினான். நூற்று நாலாம் பக்கத்தை ஒட்டித்தான் முதல் வெட்டு. அங்கே ஒன்றும் தெரியவில்லை. முன்னால் போனான், பின்னால் வந்தான். அறுத்தவனுக்கே அறுத்த இடம் அகப்படவில்லை. பெரியக்காவை மனதுக்குள் மெச்சுவதா, நோவதா என்று தெரியாமல் மறுபடி புரட்டினான்.

"இங்கதான்... எங்கயோ..."

"லிஃப்ட்காரரே, விளையாட்டுப் போதும். அப்பா புத்தகம் இது. சும்மாக்கூட அப்படிச் சொல்லாதீங்க. சாவி இந்தாங்க."

மேலே போனான். பிரேக்கைக் கழற்றினான், துடைத்தான், மாட்டினான், மறுபடி கழற்றினான். உண்மையைச் சொல்லியும் பொய்க்காரன் ஆன ஒரே மனிதன் தான்தான் என்று தோன்றியது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கி வந்து, சாவியைக் கல்லாமேல் வைத்தான்.

"மேடம், பொய் சொல்றவன் அறுக்கலைன்னுதானே சொல்வான்?"

அவள் கையிலிருந்த மாத்திரை அட்டை அப்படியே நின்றது. அவன் பயந்த அந்த முகமாற்றம் வந்துவிட்டது.

"யாரு தைச்சது?"

"எங்க பெரியக்கா."

ஒரு மருந்து உறையை அவன் பக்கம் தள்ளினாள். "முகவரி எழுதுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னபோது பெரியக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "மூணு நாள் கண்ணு பூத்துப்போகத் தைச்சேன்டா! கடன்காரனா வந்து பொறந்தியே. வரட்டும் அந்தப் பொண்ணு. நான் தொடவே இல்லன்னு அடிச்சுச் சொல்றேன். உன்னைப் பைத்தியம்னு நினைச்சுக்கிட்டுப் போகட்டும். பைத்தியம்னாலாவது மன்னிச்சுடுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே காலுக்கு அவள் வந்தாள். கையில் புத்தகம், பிளாஸ்டிக் உறையோடு. சின்னவன் அப்போது தரையில் உட்கார்ந்து தையல் மெஷினுக்குப் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தான். எழுந்திருப்பதா வேண்டாமா என்று புரியாமல், பாதி எழுந்து அப்படியே நின்றான்.

"உட்காருங்க. வேலையைப் பாருங்க" என்றாள் அவள். உட்கார்ந்துவிட்டான்.

பெரியக்கா வெட்டுமேசையைத் துடைத்து, நாற்காலி போட்டு, டீயும் கொடுத்தாள். "சொல்லும்மா."

"உங்க தம்பி இதை நாலா அறுத்தாராம். நீங்க தைச்சுக் கொடுத்தீங்களாம். உண்மையாக்கா?"

"அவனா? சின்ன வயசுலருந்தே அவனுக்குக் கற்பனை ஜாஸ்திம்மா. ராத்திரி கண்ட கனவைக் காலைல நடந்த மாதிரி சொல்வான். நீ மனசுல வெச்சுக்காத."

சின்னவன் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றாள் அவள், உறையைக் கழற்றிக்கொண்டே. "தையல் தெரிஞ்சவங்க வேலை மாதிரி இது இல்ல. இந்த இடத்தைப் பாருங்க, நூல் தொளதொளன்னு கிடக்கு. அச்சகத்துல எவனோ அரைத் தூக்கத்துல தைச்சிருக்கான்."

பெரியக்காவின் காது சிவந்தது. டீ டம்ளரை மேசைமேல் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

"எங்க?"

"இதோ. அப்புறம் இங்கயும். எங்க தெருவுல சாக்குப்பை தைக்கிறவர்கூட இதைவிட இறுக்கித் தைப்பார்."

"சாக்குப்பையா? கொடு இங்க!" பெரியக்கா புத்தகத்தைப் பிடுங்கிக் கண்ணாடியை மாட்டினாள். "தொளதொளன்னா என்ன அர்த்தம்? அரைச் சுத்து நூலை வேணும்னேதான் விட்டிருக்கேன். அப்பதான் புத்தகம் மல்லாந்து படுக்கும். முன்னாடி இது விரிஞ்சு படுத்ததா? நீயே சொல்லு, படுத்ததா? இப்ப பாரு!" மேசைமேல் விரித்தாள். புத்தகம் பாய் மாதிரி படுத்தது. "ஒவ்வொரு துளையும் பழைய துளை. புதுசா ஒண்ணுகூடக் குத்தல. இந்த நூலை டீத்தண்ணில மூணு தடவை முக்கி, நிழல்ல காயவெச்சு..."

அங்கே நிறுத்தினாள்.

சின்னவன் கையிலிருந்து நழுவிய பெல்ட் சக்கரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தது.

"அதான் டீ வாசனை" என்றாள் மருந்துக்கடைப் பெண்.

"கெட்டிக்காரிதான்மா நீ" என்றாள் பெரியக்கா. கோபமா, பாராட்டா என்று அவளுக்கே தெரியாது.

அறுத்த மூன்று இடங்களையும் காட்டச் சொன்னாள் மருந்துக்கடைப் பெண். பெரியக்கா ஊசி முனையால் ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவள் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தாள். மூன்றாவது இடத்தில் விரல் கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

"எனக்குப் பதினொரு வயசுல டைபாய்டு வந்தப்போ அப்பா இந்தப் பக்கம் வரைக்கும் படிச்சுக் காட்டினார்" என்றாள். பிறகு கைப்பையைத் திறந்து, நீளமான ஒரு மருந்துச் சீட்டை எடுத்தாள்.

"பஸ்ல வர்றப்போ இவரை என்னென்ன கேட்கணும்னு எழுதிக்கிட்டு வந்தேன்."

"படிம்மா" என்றாள் பெரியக்கா உற்சாகமாக. "டேய், நிமிர்ந்து உட்காரு."

"ஒண்ணு. நீங்க மனுஷனா?"

"ஆமாங்க" என்றான் சின்னவன். அதற்கு வேறென்ன சொல்வது?

"ரெண்டு. அடுத்தவங்க பொருள்ல கை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டீங்களா?"

"யோசிச்சிருந்தா வெட்டு கோணலாப் போயிருக்கும்மா" என்று பெரியக்கா குறுக்கே வந்தாள். இரண்டு பேரும் அவளைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தப்புதாங்க. யோசிக்கல. இனி அந்த மேசைல உங்க பொருள் எதுவும் வராது."

அவள் சீட்டைப் பார்த்தாள். மூன்றாவது வரி கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது தரையிலிருந்தே சின்னவனுக்குத் தெரிந்தது.

"மூணு என்னங்க?"

"இனிமே என் கண்ணு முன்னாடி வராதீங்கன்னு எழுதியிருந்தேன். நாலாவது ஸ்டாப்ல அடிச்சுட்டேன்."

"ஏங்க?"

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்கு ஆயுசுக்கும் தெரிஞ்சிருக்காது. அது தெரிஞ்சும் சொன்னீங்க. நான் நம்பலன்னதும் மறுபடி வந்து சொன்னீங்க. இவ்வளவு மெனக்கெட்டு ஒருத்தர் என்கிட்ட திட்டு வாங்க வந்ததே இல்ல." சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் போட்டாள். "ஆனா ஒண்ணு. இந்தப் புத்தகம் இனி என் கடையை விட்டு வெளிய வராது. படிக்கணும்னா அங்க வந்து, கையைக் கழுவிக்கிட்டு, என் எதிர்ல உட்கார்ந்து படிங்க. முதல் பக்கத்துலருந்து."

"முதல் பக்கத்துலருந்தா?" சின்னவன் குரலில் உண்மையான கலவரம் இருந்தது.

"முதல் பக்கத்துலருந்து."

அவள் கிளம்புமுன் அலமாரியில் இருந்த நாற்பத்தொன்றையும் வரிசையாகப் பார்த்தாள். ஒன்றை எடுத்து விரித்து, தையலை எண்ணி, "இதுல நிஜமாவே தொளதொளன்னு இருக்குக்கா" என்றாள். "அப்ப எனக்குப் பதின்மூணு வயசு" என்றாள் பெரியக்கா. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தரையில் இருந்தவனை யாரும் சட்டை செய்யவில்லை.

இப்போது அந்த மருந்துக்கடையில், கல்லாவுக்கு எதிரே ஒரு முக்காலி கிடக்கிறது. மாதம் ஒரு முறை பார்க்க வேண்டிய அந்த லிஃப்டைச் சின்னவன் வாரத்துக்கு ஒரு முறை பார்க்கிறான். "அதுக்கு அப்படி என்ன சீக்கு, வாராவாரம் வைத்தியம்?" என்று வாட்ச்மேன் கேட்டுப் பார்த்துவிட்டான். பிரேக் கொஞ்சம் சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறான். பதிவேட்டில் மட்டும் பழுது எதுவும் இல்லை, சும்மா பார்த்தேன் என்று உள்ளது உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறான். முப்பத்தொன்பதாம் பக்கம் வரை வந்திருக்கிறான். மெதுவாகத்தான் போகிறான்.

பெரியக்கா ஒன்றும் கேட்பதில்லை. அளவுநாடா இல்லாமல் கண்ணாலேயே அளவெடுக்கிறவள் அவள். அன்றைக்கு அந்தப் பெண் டீ குடித்துக்கொண்டிருந்தபோதே எடுத்துவிட்டாள். அளவு நோட்டில் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு எழுதி வைத்திருக்கிறாள்: தோள் பதினாலரை, கை பத்தொன்பது. எந்த நிறத்தில் துணி எடுப்பது என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.